ஒன்பது கிலோவைக் காணோம்

போடி பஜாரில் ஏலக்காய் வியாபாரி வைகுண்டராஜ் நடந்து வந்தால் எதிரே வருகிற மினி பஸ் ரிவர்ஸ் எடுக்கும் என்று சொல்வார்கள். அது கொஞ்சம் மிகை. மினி பஸ் ஓரமாக ஒதுங்கி நிற்கும், அவ்வளவுதான். ரிவர்ஸ் எடுத்தது ஒரே ஒரு தடவை. அப்பேர்ப்பட்ட தொண்ணூற்று நான்கு கிலோ மனிதர், இரண்டு நாள் காய்ச்சலில் விழுந்து எழுந்து, அடுத்த வாரமே எண்பத்தைந்து கிலோவாகிக் கட்டிலில் கிடந்தார்.

ஒன்பது கிராம் ஏலக்காய் காணாமல் போனாலே கடைப் பையனைப் பிடித்து உலுக்குகிற மனிதர் அவர். கடையில் டீ போடும்போது தெரியாமல் ஒரு ஏலக்காயை நசுக்கிப் போட்ட கணக்குப்பிள்ளைக்குச் சம்பளத்தில் பிடித்த மகராசன். சொந்தச் சதையே ஒன்பது கிலோ காணாமல் போனால் சும்மா விடுவாரா? சமையல்காரி மொக்கம்மாள் சோற்றில் விஷம் கலக்கிறாள் என்று பஜார் முழுக்கக் கேட்கும்படி மாடியிலிருந்து சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் அவளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைப்பதாக ஏற்பாடு.

அவருடைய மனைவி மகாலட்சுமி மட்டும் அதை நம்பவில்லை. அவள்தான் தேனிக்குப் போன் போட்டுத் துப்பறியும் கிறிஸ்டோபரை வரச்சொன்னாள்.

கிறிஸ்டோபர் முன்பு ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம் பிடித்தவர். எரிந்துபோன வைக்கோல் படப்பைப் பார்த்து, அதில் வைக்கோலே இல்லை என்று சொன்னவர். பேச்சு குறைவு. அவருக்கும் சேர்த்துப் பேசுவதற்காக ஆண்டவன் ராஜாத்தியை அனுப்பியிருந்தான். போடிமெட்டு வளைவுகளில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பைப் பதினெட்டு வருஷம் ஓட்டியவள் அவள். இப்போது அவருக்கு உதவியாளர், டிரைவர், கேட்காமலே கருத்துச் சொல்பவள்.

"அண்ணே, அந்த விசம் எந்தக் கடையில கிடைக்குதுன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க," என்றாள் ராஜாத்தி, ஆம்னி வேனைப் பஜாருக்குள் திருப்பிக்கொண்டே. "நானும் ஒரு பாட்டில் வாங்கி வச்சுக்கிறேன்."

"உனக்கு ஒரு பாட்டில் பத்தாது," என்றார் கிறிஸ்டோபர்.

அதற்குமேல் அவர் பேசவில்லை. ராஜாத்தியும் ஒரு முழு நிமிஷம் பேசவில்லை. அது அவள் வாழ்க்கையில் ஒரு சாதனை.

மகாலட்சுமி வாசலிலேயே நின்றிருந்தாள். உட்காரச் சொல்லவும் மறந்து, ஒரே மூச்சில் கொட்டினாள்.

"நான் பெரியகுளத்துல தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன் சார். காய்ச்சல் அடிச்ச ரெண்டு நாளும் மொக்கம்மாதான் கூட இருந்து பாத்தா. நான் வந்தப்ப காய்ச்சல் சுத்தமாப் போயிருச்சு. அதுக்குப் பெறகுதான் இவுக உருக ஆரம்பிச்சாக. ரத்தம், சுகர், எல்லாம் பாத்தாச்சு. ஒண்ணுமே இல்லங்கிறாக. தெம்புக்குக் குளுக்கோஸ் ஏத்த வந்த நர்ஸை அடிக்காத குறையா விரட்டிட்டாக. சரி, மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிப் பெரிய ஆஸ்பத்திரியில சேப்போம்னு சொன்னேன். அன்னைக்கே, இது வியாதி இல்ல, விசம்னு ஆரம்பிச்சாக."

"நீங்க ஏன் நம்பல?"

"இருபது வருசமா நானும் அவ கையாலதான் திங்கிறேன்," என்று மகாலட்சுமி தன்னையே ஒருமுறை மேலிருந்து கீழ் பார்த்துக்கொண்டாள். "எனக்கு ஒரு கிராம் குறையலையே சார்."

மாடி அறையில் வைகுண்டராஜ் சாகக் கிடந்தார். சாகக் கிடப்பதில் அவர் காட்டிய அக்கறையை ராஜாத்தி முன்பின் எங்கும் பார்த்ததில்லை. போர்வை கழுத்து வரைக்கும் இழுத்து மடிக்கப்பட்டிருந்தது. பக்கத்து ஸ்டூலில் டம்ளர் தண்ணீருக்குள் பல்செட் சிரித்துக்கொண்டிருந்தது. போடி பஜாரில் பாதிப் பேர் பயந்த அந்த அரிவாள் மீசையைக் காணோம். மேல் உதடு உரித்த உருளைக்கிழங்கு மாதிரி இருந்தது. எட்டு விரலில் எட்டு ஜோசியர்கள் மாட்டிவிட்ட எட்டு மோதிரமும் இல்லை. கழுத்தில் கிடக்கிற, சைக்கிளுக்கு மாட்டினால் ஓடக்கூடிய தங்கச் சங்கிலியும் இல்லை.

"இப்ப எடை எம்புட்டு?" என்று கிறிஸ்டோபர் கேட்டார்.

"எண்பத்தஞ்சு கிலோ முன்னூறு கிராம்," என்றார் வைகுண்டராஜ். குரல்தான் ஈனம். முகத்தில், பிள்ளை மாவட்டத்தில் முதல் மார்க் வாங்கிய தகப்பனுக்கு வருகிற களை.

"எப்பப் பாத்தீக?"

"இன்னைக்குக் காலையில. குடோன் தராசுல. தினம் பாப்பேன்."

"கட்டிலை விட்டு எந்திரிக்க முடியலைன்னு அம்மா சொன்னாக."

"தவழ்ந்து போயிப் பாத்தேன்."

"நகையெல்லாம் கழட்டிட்டீக போல."

"போற உசுருக்கு நகை எதுக்குய்யா?"

"மீசை?"

"போற உசுருக்கு மீசை எதுக்கு?"

மகாலட்சுமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவள் ஒரு வாரமாக இதைத் துறவு என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.

"பல்லு?" என்று கேட்டது ராஜாத்தி.

வைகுண்டராஜ் கண்ணை மூடிக்கொண்டார்.

"சரி, உசுரு போறதுக்கு முன்னாடி பல்லு போயி எடம் பிடிக்குது போல," என்றாள் ராஜாத்தி.

கிறிஸ்டோபர் கட்டிலைச் சுற்றி வந்தார். தலைமாட்டில் பெரிய ஜன்னல். கட்டில் காலில், மஞ்சள் தடவிய துணியில் ஒரு ரூபாய்க் காசை வைத்து முடிந்து கட்டியிருந்தது. ராஜாத்தியும் அதைப் பார்த்தாள். காய்ச்சல் வந்த வீட்டில் சாமிக்கு நேர்ந்து காசு முடிவது எல்லாரும் செய்வதுதான், அதில் என்ன துப்பு இருக்கிறது என்று விட்டுவிட்டாள். கிறிஸ்டோபர் விடவில்லை. ஜவுளிக் கடையில் சேலைக் கரை பார்க்கிற மாதிரி அந்த முடிச்சைப் பார்த்தார்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகணும்னு சொல்றாக," என்றாள் மகாலட்சுமி. "பொங்கல் வைக்கிறாகளாம். இந்த உடம்போட."

"ஆத்தா கூப்பிடுறா," என்றார் வைகுண்டராஜ், கண்ணைத் திறக்காமலே.

கொல்லையில் மொக்கம்மாள் ஒயர் கூடையை மடியில் வைத்து, கவிழ்த்துப்போட்ட அண்டாவின்மேல் உட்கார்ந்திருந்தாள். கூடையில் இரண்டு சேலை. அழுத முகம் இல்லை. அவமானப்பட்ட முகம். இரண்டும் வேறு வேறு என்பது ராஜாத்திக்குத் தெரியும்.

"என் சோத்துல விசமாம்," என்றாள் மொக்கம்மாள். "பஜார் முச்சூடும் கேக்குற மாதிரி சொல்லிட்டாக. நாளைப்பின்ன எவ வீட்டு அடுப்பை நான் பத்தவைப்பேன்? பச்சத்தண்ணி மோந்து குடுத்தாலும் மோந்து பாத்துல்ல குடிப்பாக."

"முதலாளி ஒழுங்காச் சாப்பிடுவாகளா அக்கா?" என்றார் கிறிஸ்டோபர்.

"அதைக் கேளுங்க. முந்தியெல்லாம் பாதியை மிச்சம் வைப்பாக. இந்த ஒரு வாரமா ஒரு பருக்கை இல்ல. தட்டைக் கழுவவே வேண்டாம், அம்புட்டுச் சுத்தம். நேத்து மத்தியானம் முருங்கைக்கா சாம்பார். ராத்திரிக்குத் தெம்பா இருக்கட்டும்னு நல்லி எலும்புக் குழம்பு. எல்லாம் காலி. நானும், உள்ள இறங்குதே, உடம்பு தேறிரும்னு சந்தோசப்பட்டேன்."

"முருங்கைக்காய்ச் சக்கையை எங்க கொட்டுனீக?"

"எந்தச் சக்கையை?"

"சாப்பிட்டுத் துப்புன சக்கையை. நல்லி எலும்பையும்தான்."

மொக்கம்மாள் மூலையில் இருந்த குப்பை வாளியை எட்டிப் பார்த்தாள்.

"தட்டுல ஒண்ணுமே இல்லையே," என்றாள்.

ராஜாத்திக்குப் புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பல்லைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டு, முருங்கைக்காய்ச் சக்கையையும் ஆட்டு எலும்பையும் முழுசாகத் தின்று தீர்த்த ஒருவர், அதற்குப் பிறகும் ஒன்பது கிலோ இளைத்திருக்கிறார். மேகமலையில் சுற்றுகிற புலிக்குக்கூட எலும்பு மிஞ்சும்.

"அக்கா, காய்ச்சல் வேகத்துல முதலாளி என்ன புலம்புனாக?" என்று கிறிஸ்டோபர் கேட்டார்.

மொக்கம்மாள் முகம் மாறியது. "அதச் சொல்லப்படாது."

"மஞ்சத்துணியில காசு முடிஞ்சது நீங்களா?"

"நான்தான். ஆனா அதுக்குமேல கேக்காதீக. வெளிய சொன்னா நேர்த்தி பலிக்காதுன்னு முதலாளி சத்தியம் வாங்கிருக்காக."

"ஸ்டேசனுக்குப் போற நெலமை வந்தாலுமா?" என்றாள் ராஜாத்தி.

"எந்த நெலமை வந்தாலும் சத்தியம் சத்தியம்தான்."

எருமைக்கு வைக்கோல் போடுகிறவளை எருமை முட்டினாலும் பரவாயில்லை, அது பட்டினி கிடக்கக் கூடாது என்று நினைக்கிற ஜாதி இது என்று ராஜாத்தி மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். மாடி ஜன்னலைப் பார்த்து அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

அந்த ஜன்னலுக்குக் கீழே ஒரு முடுக்குச் சந்து. முடுக்கில் பக்கத்து வீட்டு வாட்ச்மேன் கர்ணன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் காலடியில் ஒரு தலையணை கிடந்தது. தலையணை வாலை ஆட்டியது.

"ஏலே, இது நாயா?" என்றாள் ராஜாத்தி.

"சிப்பிப்பாறை நாய்," என்றான் கர்ணன். "பேரு ராக்கெட்."

சிப்பிப்பாறை நாய் என்றால் விலா எலும்பை வெளியே நின்று எண்ணலாம். முயலுக்கு முன்னால் போய் நின்று, ஏன் லேட்டு என்று கேட்கும். இந்த ராக்கெட் எழுந்து நிற்க ஒரு தடவை முயன்று, வேண்டாம் என்று படுத்துக்கொண்டது.

"எப்ப இருந்து இப்படிப் பெருத்துருச்சு?"

"ஒரு வாரமா," என்று கர்ணன் குரலைத் தாழ்த்தினான். "வெளிய சொல்லிறாதீக. வேளா வேளைக்கு மேல இருந்து விழுகுது. நல்லி எலும்பு, ஈரல், சோறு. யார்னு பாக்கல. தலையத் தூக்கிப் பாத்து, அதோட நின்னுபோச்சுன்னா?"

"நேத்து மத்தியானம்?"

"முருங்கைக்கா சாம்பார்."

"நாய் முருங்கைக்கா திங்குமா?" என்றார் கிறிஸ்டோபர்.

கர்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தொப்பையும் சட்டைப் பித்தானும் ஒரு வாரமாகச் சண்டையில் இருப்பதை ராஜாத்தி அப்போதுதான் கவனித்தாள்.

"காணாமப் போன ஒன்பது கிலோவுல நாயி பாதி, நீ பாதி," என்றாள். "அண்ணே, மொதலாளி வேணும்னே பட்டினி கிடக்காரு. அது சரி. ஏன்? இந்த வயசுல யாரையும் லவ் பண்றாரோ?"

"அவருகிட்ட என்னென்ன குறைஞ்சிருக்குன்னு சொல்லு."

"சதை. மீசை. மோதிரம். சங்கிலி. பல்லு."

"எந்த வியாதி மோதிரத்தைத் திங்கும்?"

ராஜாத்தி யோசித்தாள். அவள் யோசிப்பதற்குள் கிறிஸ்டோபர் குடோனுக்குள் போய்விட்டார்.

குடோனில் ஏலக்காய் வாசம் மூக்கில் அடித்தது. நடுவில் பிளாட்பாரத் தராசு. அதன் பக்கத்தில் மற்ற மூட்டைகளோடு சேராமல் இரண்டு சாக்குகள் தனியாக நின்றன. இரண்டுக்கும் குங்குமப் பொட்டு. கிறிஸ்டோபர் ஒரு கை அள்ளிப் பார்த்தார். பச்சைப் பசேல் என்று, ஒன்றுபோல உருண்ட எட்டு எம்எம் காய். ஏலச் சந்தையில் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். ஒரு சாக்கின் வாய் மட்டும் கட்டாமல் திறந்து கிடந்தது. அதில் ஒரு முறம் செருகியிருந்தது. கீழே சிந்திய காய்கள் ஒரு கோடாகப் பெரிய குவியல் வரைக்கும் போயின.

"யாரோ தினம் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துத் திரும்பக் கொட்டிருக்காக," என்றாள் ராஜாத்தி.

"ரெண்டையும் தூக்கித் தராசுல வை."

ஜீப் ஓட்டிய தோள் அது. வைத்தாள். தராசின் சிவப்பு எண்கள் கொஞ்சம் தள்ளாடி நின்றன.

எண்பத்தைந்து கிலோ முன்னூறு கிராம்.

ராஜாத்தி அந்த எண்களைப் பார்த்தாள். கட்டில் காலில் கட்டிய மஞ்சள் துணியை நினைத்தாள். நாளை வெள்ளிக்கிழமை. குளுக்கோஸ் பாட்டில் ஒவ்வொன்றும் அரை கிலோ.

"அடப் பாவி மனுசா," என்றாள்.

கொல்லைக்குத் திரும்பி, கிறிஸ்டோபர் மொக்கம்மாள் முன்னால் குந்தினார்.

"அக்கா, நீங்க சத்தியத்தை மீற வேண்டாம். நான் சொல்றேன். தப்பா இருந்தாத் தலையை ஆட்டுங்க. 'ஆத்தா, என்னையப் பிழைக்க வை, எடைக்கு எடை ஏலக்காய் தாரேன், எட்டு எம்எம் காயாத் தாரேன்.' இதானே?"

மொக்கம்மாள் தலையை ஆட்டவில்லை. மூக்கை மட்டும் முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

மாடியில் மறுபடி கூடினார்கள். மொக்கம்மாள் கூடையோடு கதவோரம் நின்றாள்.

"குத்தவாளியைப் பிடிச்சாச்சு," என்றார் கிறிஸ்டோபர்.

வைகுண்டராஜ் போர்வைக்குள் பூரித்தார்.

"அது ஒரு பக்கம் இருக்கட்டும். நாளைக்கு நீங்க கோயிலுக்குப் போறீகள்ல, பூசாரிகிட்டப் போன்ல பேசுனேன். காசு முடிஞ்ச அன்னைக்கு என்ன எடையோ அதான் கணக்காம். தொண்ணூத்தி நாலு கிலோவாக் கொண்டுவரச் சொன்னாரு."

சாகக் கிடந்த மனிதர் சோடா பாட்டில் மூடி மாதிரி எழுந்து உட்கார்ந்தார்.

"எந்தக் கிறுக்கன் சொன்னான்? தராசுல ஏறி உக்கார்ற அன்னைக்கு என்ன எடையோ அதான் கணக்கு. காலங்காலமா அப்படித்தான். எட்டு நாளாப் பச்சத்தண்ணிகூட அளந்து குடிச்சுக்கிட்டுக் கிடக்கேன், தொண்ணூத்தி நாலாம்ல."

டம்ளருக்குள் பல்செட் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.

"எந்தத் தராசு?" என்றாள் மகாலட்சுமி.

கிறிஸ்டோபர் எந்தப் பூசாரிக்கும் போன் பண்ணவில்லை என்பது ராஜாத்திக்குத் தெரியும். அவர் செல்போன் காலையிலிருந்து ஆம்னியில் கிடந்தது.

முருங்கைக்காய்ச் சக்கையிலிருந்து ராக்கெட் வரைக்கும் கிறிஸ்டோபர் சொல்லி முடிக்கிறபோது வைகுண்டராஜ் வெட்கப்படுவார் என்று ராஜாத்தி எதிர்பார்த்தாள். அவள் அவரைக் குறைத்து மதிப்பிட்டிருந்தாள்.

"நான் வாக்குத் தவறலையே," என்றார் அவர். "முதல் தரக் காயா எடுத்து வச்சிருக்கேன். வண்டு விழுந்தது ஒண்ணு இருந்தாக் காட்டு. ஆத்தாகிட்டத் தரத்துல விளையாட முடியுமா, கண்ணக் குத்திப்புடுவா. எடை என்னுது. என் எடையைக் கூட்டவும் குறைக்கவும் எனக்கு உரிமை இல்லையா?"

"மொக்கம்மா மேல ஏன் பழி?" என்றார் கிறிஸ்டோபர்.

"இவ ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு நிக்கிறா. அங்கன போனா மூணு நாள்ல பாட்டில் பாட்டிலா ஏத்தி மறுபடி தொண்ணூறாக்கிப்புடுவான். என்னத்தையாச்சும் சொல்லணும்ல? அதோட," என்று குரல் கொஞ்சம் இறங்கியது, "நேர்த்தி தெரிஞ்சது மொக்கம்மாளுக்கு மட்டும்தான். ஒரு மாசம் ஊர்ல இல்லாம இருந்தா நல்லதுன்னு நெனச்சேன்."

"ஆக, சாமிகிட்ட ஒன்பது கிலோ தள்ளுபடி வாங்க, இருபது வருசம் சோறு போட்டவள ஸ்டேசனுக்கு அனுப்புறீக," என்றாள் ராஜாத்தி. "மூட்டைக்கு ரெண்டு கிலோ தோட்டக்காரன்கிட்டக் கழிச்சுக் கழிச்சு, கடைசியில சொந்த உடம்புலயே கழிவு பிடிச்சுட்டாருண்ணே."

மகாலட்சுமி போனை எடுத்தாள். ஸ்டேஷனிலிருந்து யாரும் வரவேண்டாம் என்று சொன்னாள். பிறகு மொக்கம்மாள் பக்கம் திரும்பினாள்.

"கூடையைக் கீழ வையி மொக்கம்மா."

"வேணாம் ஆத்தா, நான் போறேன்." மொக்கம்மாள் கூடையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "விசமுன்னு சொன்னது மாடியில இருந்து. கேட்டது பஜாரு. இந்த ரூமுக்குள்ள இல்லைன்னு ஆகிட்டாப் பஜாருக்கு எப்படித் தெரியும்?"

அந்தக் கேள்விக்குப் பதில் மகாலட்சுமியிடம் இருந்தது.

"உலையை வையி," என்றாள். "சாப்பாட்டைக் கடைக்குக் கொண்டு வா."

அன்று மதியம் போடி பஜார் வியாபாரம் அரை மணி நேரம் நின்றுபோனது. வைகுண்டராஜின் ஏலக்காய்க் கடை வாசலில், பெஞ்சுமேல் தலைவாழை இலை. பெஞ்சுக்குப் பின்னால் வைகுண்டராஜ். மீசை இல்லாத அவரை யாரென்று தெரியாமல் எப்போதும் பார்த்தாலே ஒளிந்துகொள்கிற பழைய கடன்காரர் ஒருவர் வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

"முதல்ல பல்லை மாட்டுங்க," என்றாள் மகாலட்சுமி.

மாட்டினார்.

"தொண்ணூத்தி நாலு வர்ற வரைக்கும் தினம் இங்கனதான் சாப்பாடு. அதுக்குப் பெறகுதான் கோயில், தராசு எல்லாம். ஆத்தா காத்திருப்பா. இப்பச் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டுச் சாப்பிடுங்க."

வைகுண்டராஜ் பஜாரைப் பார்த்தார். பஜார் அவரைப் பார்த்தது.

"மொக்கம்மா சோத்துல ஒண்ணும் இல்ல," என்றார் இலையைப் பார்த்து.

"கேக்கல," என்றது கூட்டத்தில் ஒரு குரல். கர்ணனுடைய குரல். பக்கத்தில் ராக்கெட் நாக்கைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தது.

"மொக்கம்மா சோத்துல விசமும் இல்ல, ஒரு குத்தமும் இல்ல. நான் சொன்னது பொய்யி." இப்போது எதிர்ச் சாரி ஜவுளிக்கடை வரைக்கும் கேட்டது.

மொக்கம்மாள் பரிமாறினாள். சோறு, சாம்பார், அதில் நான்கு முருங்கைக்காய்த் துண்டு. எட்டு நாள் பசி. இரண்டு வாய் வரைக்கும்தான் வைகுண்டராஜ் வெட்கப்பட்டார். மூன்றாவது வாயிலிருந்து அவர் தின்ற வேகத்தைப் பார்த்து, ஓட்டல்காரர் ஒருவர் தன் கடைக்கு அன்லிமிடெட் சாப்பாடு போர்டு மாட்டுகிற யோசனையைக் கைவிட்டார்.

இலையை மடிக்கப் போனவரின் கையை மொக்கம்மாள் நிறுத்தினாள். குனிந்து, இலை ஓரத்தில் கிடந்த சக்கையை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"நாலு துண்டு போட்டேன் முதலாளி. மூணு சக்கைதான் இருக்கு."

வைகுண்டராஜ் மகாலட்சுமியைப் பார்த்தார். ராக்கெட்டைப் பார்த்தார். பிறகு பெஞ்சுக்கு அடியில் மூடியிருந்த இடது கையை மெதுவாக மேலே கொண்டுவந்து விரித்தார். உள்ளே ஒரு முழு முருங்கைக்காய்த் துண்டு, கடிபடாமல் இருந்தது.

"அதையும் சாப்பிடுங்க," என்றாள் மொக்கம்மாள். ஒயர் கூடையைக் கீழே வைத்துவிட்டு, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அங்கேயே நின்றாள்.